பூக்கொய்தலும் சாவக நெறியும்

பூவைப் பறிப்பது இம்சையாகுமா என்னும் வினா நம் இல்லங்களில் அவ்வப்போது எழுவதும், "ஓரறிவுயிர்தானே, இல்லறத்தார்க்கு அது விலக்கன்று" என்னும் விடையோடு அடங்கிவிடுவதும் வழக்கம். முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நானும் அவ்விடையோடு நிறைவடைந்தே வாழ்ந்துவந்தேன். அண்மையில் பட்டுக்கோட்டையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி அந்த நிறைவைக் கலைத்துவிட்டது.

எங்களூர் மகளிர் மன்றமொன்றில் மலர் அலங்காரச் செய்முறை விளக்கம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தனர். ஜப்பானியரின் இகெபானா முறையைப் பயின்ற அம்மையார் ஒருவர் சென்னையிலிருந்து வந்து செய்துகாட்டுவதாக இருந்தது. மன்றத்தில் முன்னின்று உழைப்பவள் என் பழைய மாணவி. அவள் இரண்டு நாள் முன்னதாக என் வீட்டிற்கு வந்து, "டீச்சர், உங்கள் கொல்லைத் தென்னையிலிருந்து வெடிக்காத பாளை ஒன்று வேண்டும். அந்த வெண்மஞ்சள் கதிருக்கு ஈடு எந்தப் பூவும் இல்லையாம்" என்றாள்.

அந்தத் தென்னையின் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கரையைக் கடந்த கஜா புயலில் இந்த வட்டாரமே தன் தென்னந்தோப்புகளை இழந்ததை அறிவீர்கள். எங்கள் கொல்லையில் நின்ற ஒன்பது மரங்களில் எட்டு சாய்ந்தன. மறு ஆண்டு நட்ட நெட்டை ரகப் பிள்ளைகளில் பிழைத்தவை நான்கு. (தென்னங்கன்றைப் 'பிள்ளை' என்று அழைக்கும் நம் வழக்கின் பொருள் அந்த ஆண்டுகளில்தான் எனக்கு விளங்கிற்று.) அவற்றுள் ஒன்று முதன்முதலாகப் பாளை விட்டிருந்தது. அதைத்தான் அவள் கேட்டாள். பாளையை அறுத்தால் அதில் விளைய வேண்டிய குலை முழுவதும் போயிற்று.

தர இயலாது என்றேன். காரணம் கேட்டபோது, "நாங்கள் சமணர் அம்மா, வீணாக ஓருயிரை அறுக்கமாட்டோம்" என்று சற்றுப் பெருமிதத்தோடே சொன்னேன். அவள் பணிவாகவே கேட்டாள்: "மன்னார்குடி மல்லிநாதர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நாலு முழம் மல்லிகை வாங்கிப் போகிறீர்களே, டீச்சர்?" அது பூசைக்கு என்றேன். "பேத்தி கலியாணத்து மேடைக்கு?" அதற்கு என்னிடம் விடையில்லை. காய்ந்து விழுந்த பாளை மட்டைகள் இரண்டைக் கொடுத்து அனுப்பினேன்.

பூசைக்கு என்று நான் சொன்னதற்கு நூலாதரம் உண்டு. எண்வகை அருச்சனையுள் மலர் நான்காவது. வடநாட்டுத் திகம்பரருள் தேராபந்த மரபினர் பூவைத் தவிர்த்துக் குங்குமப்பூ நிறமேற்றிய அரிசியை இடுவர். தமிழ்ச் சமணராகிய நாம் மலரையே இடுகின்றோம். சமந்தபத்திர ஆசாரியர் தம் ஸ்வயம்பு ஸ்தோத்திரத்தில் வாசுபூஜ்ய தீர்த்தங்கரரைப் போற்றுமிடத்தில், பூசையில் நேரும் சிறு பாவத்தைக் குளிர்ந்த கடலில் வீழ்ந்த நஞ்சுத்துளிக்கு ஒப்பிடுகின்றார். அத்துளி கடலைக் கெடுப்பதில்லை என்பது கருத்து. அதே ஆசாரியர்தாம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றி நிலத்தைக் கிளறுதல், நீரை அலைத்தல், தீயை மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றை அநர்த்த தண்டத்துள் சேர்த்துச் சாவகர்க்கு விலக்குகின்றார். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பை நம்மில் பலர் இளமையிலேயே ஓதியிருப்போம். இவ்விரண்டு இடங்களையும் சேர்த்து நோக்கினால், ஓரறிவுயிர் என்பதனால் பூவைப் பறிப்பது மன்னிக்கப்படவில்லை என்பது புலனாகும். துளி நஞ்சுதான், கடல் இருப்பதனால் பொறுக்கப்படுகின்றது. பூச்சாடிக்குள் எந்தக் கடல் இருக்கின்றது?

இந்தக் கேள்வியோடுதான், குறை காணும் நோக்கத்தோடுதான் என்று சொல்வதே உண்மை, நிகழ்ச்சிக்குச் சென்றேன். அகன்ற தட்டொன்றில் நீர். அதன் நடுவே ஊசிகள் நிமிர்ந்து நிற்கும் கனமான சிறு வில்லை. கென்சான் என்பது அதன் பெயர். தண்டை நீருக்குள் அமிழ்த்தி வைத்தே வெட்டினார் அந்த அம்மையார். வெட்டுவாயில் காற்றுப் புகுந்தால் தண்டு நீரை உறிஞ்சாதாம். நெடிது நிற்பது வானம், அடுத்தது மனிதன், தாழ்ந்தது மண் என்று விளக்கினார். ஒரு பூவரசங்கிளையைக் கையில் எடுத்தவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரேயன்றி நெடுநேரம் கத்தரியைத் தொடவில்லை. கூட்டத்தில் சிலர் பொறுமையிழந்தனர். நான் ஆசிரியப் புத்தியோடு எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு அலங்காரங்களுக்கும் சேர்த்துச் செலவானவை பத்தொன்பது பூக்கள். நான் அனுப்பிய மட்டைகளுள் ஒன்று, மூன்று சாமந்திகளுக்குப் பின்னே படகுபோல் சாய்ந்து நின்றது.

பேத்தியின் திருமணத்திற்குப் பூக்கள் மூட்டை மூட்டையாக வந்திறங்கியதும், மறுநாட்காலை மண்டபத்தின் பின்புறம் அவை குவிந்து கிடந்ததும் அப்போது என் நினைவுக்கு வந்தன. ஒகாகுரா ககுசோ என்னும் ஜப்பானிய அறிஞர், 1906-இல் வெளிவந்த தம் தேநீர் நூலில் பூக்களுக்கென்றே ஓர் இயல் வகுத்து, மேலைநாட்டார் விருந்துகளில் பூக்களை வாரியிறைப்பதைக் கண்டு நொந்திருக்கின்றார். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நம் குடும்பங்களில் அந்த நோவு எழக் காணோம்.

கண்ணின் இன்பமும் ஒரு பயனே என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை முற்றும் தள்ள எனக்கு மனமில்லை. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக்குளம் தீட்டப்பட்டிருக்கின்றதன்றோ? அங்குப் பவ்வியர் இறங்கிப் பூக்கொய்கின்றனர். சமவசரணத்துக் காட்சியென்று அறிஞர் அதற்குப் பொருள் கூறுவர். அழகை நம் முன்னோர் வெறுத்தாரல்லர். ஆயினும், அந்தத் தாமரைகள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் வாடவில்லை என்பதையும், அவற்றிற்காக ஒரு தண்டும் அறுபடவில்லை என்பதையும் கருதவேண்டும்.

என்னை உறுத்துவது வேறொன்று. முகமறிந்த ஒரு பாளைக்காக நான் வாதாடினேன். காசு கொடுத்து வாங்கிய ஆயிரம் மொக்குகளுக்காக என் நாவு அசைந்ததில்லை. அப்படியானால் அன்று என் வாயிலிருந்து வந்தது கொல்லாமையா, என் மரம் என்னும் பற்றா? இரண்டும் கலந்திருந்தன என்றே எண்ணுகிறேன். எது எவ்வளவு என்று பிரித்தறிய இயலவில்லை. பற்றினால் காக்கப்பட்ட உயிரும் காக்கப்பட்ட உயிர்தானே என்று மனம் சமாதானம் சொல்லுகின்றது. அதை நான் முழுதும் நம்பவில்லை.

வரும் தையில் இளைய பேத்திக்குத் திருமணம். மேடை அலங்காரத்திற்கு எத்தனை கிலோ பூ என்று மகனிடம் கேட்டேன். இதுவரை இந்த வீட்டில் எவரும் கேளாத கேள்வி அது. "ஊரார் என்ன சொல்வார்கள் அம்மா" என்கிறான். பேச்சு இன்னும் முடியவில்லை.

பாளை வெடித்துப் பத்து நாள் தேனீக்கள் மொய்த்தன. பிறகு குரும்பைகள் ஒவ்வொன்றாகக் கொட்டிவிட்டன, ஒன்றும் நிற்கவில்லை. முதற்பாளை பெரும்பாலும் அப்படித்தான் ஆகும் என்று தோட்டக்காரர் சொன்னார். நேற்று வந்த மாணவி மரத்தை அண்ணாந்து பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. உதிர்ந்த குரும்பைகளில் ஒரு கை அள்ளிக்கொண்டு போனாள்.