முகமூடியும் முகமும்

முகமூடி தரித்தவனை உலகம் வஞ்சகன் என்று ஐயுறுகின்றது. அம்முகமூடியை அவனுக்குக் கட்டிவிட்டவர் யார் என்று வினவுவோர் மிகச் சிலரே. இவ்வெண்ணத்தை எம் உள்ளத்தில் எழுப்பியது ஒரு சித்திரம்.

யாசுவோ குனியோஷி என்னும் ஓவியர் 1952-ஆம் ஆண்டில் தீட்டிய அதற்கு "மிஸ்டர் ஏஸ்" என்று பெயர். சர்க்கஸ் கோமாளி ஒருவன் தன் முகமூடியைக் கையால் உயர்த்துகின்றான். வர்ணங்களோ திருவிழாவைப் போன்றவை. இதோ உண்மை வெளிப்படப் போகின்றது என்று ஆவலோடு நோக்குகின்றோம். முகம் தோன்றுகின்றது, ஆயினும் அது நம்மை வரவேற்கின்றதா, எள்ளி நகைக்கின்றதா என்பது மட்டும் விளங்கவில்லை.

குனியோஷி 1889-இல் ஜப்பானிலுள்ள ஒகாயாமாவில் பிறந்தவர். 1906-இல், மீசை அரும்பாத பருவத்தில், தனியே அமெரிக்கா சென்றார். கூலி வேலை செய்து பிழைத்தார். பின்னர் நியூயார்க்கில் ஓவியம் பயின்று புகழெய்தினார். எனினும், ஜப்பானியருக்குக் குடியுரிமை இல்லை என்பது அந்நாட்டுச் சட்டம். 1919-இல் அவரை மணந்த காதரின் ஷ்மிட் என்னும் அமெரிக்க மங்கை, அம்மணத்தாலேயே தம் குடியுரிமையை இழந்தார். என்னே சட்டத்தின் நீதி!

1941 டிசம்பரில் போர் மூண்டது. முப்பத்தைந்து ஆண்டு அந்நாட்டில் வாழ்ந்தவர் ஒரே நாளில் "பகைநாட்டு அன்னியர்" ஆனார். அந்நிலையிலும் ஜப்பானிய இராணுவ வெறியைக் கண்டித்து அமெரிக்க அரசாங்கத்திற்காகச் சுவரொட்டிகள் வரைந்தார். போர் முடிந்தபின், 1946-இல், அயல்நாடுகளிற் காட்டுவதற்காக அவ்வரசாங்கம் வாங்கிய சித்திரங்களுள் அவர் 1925-இல் எழுதிய "இளைப்பாறும் சர்க்கஸ் பெண்" என்பதும் ஒன்று. பருத்த உடலுடன் அமர்ந்திருக்கும் அப்பெண்ணை ஜனாதிபதி ட்ரூமனே 1947-இல் பரிகசித்தார். சித்திரங்கள் திருப்பி அழைக்கப்பட்டு, மறு ஆண்டே அற்ப விலைக்கு விற்கப்பட்டன. 1952-இல் வெனிஸ் நகரக் கண்காட்சியில் அமெரிக்காவின் சார்பாக நின்ற நால்வருள் குனியோஷியும் ஒருவர். அப்பொழுதும் அவர் அந்நாட்டுக் குடிமகன் அல்லர்.

முகமூடி அமெரிக்கா, உள்ளிருக்கும் முகம் ஜப்பான் என்று சிலர் பொருள் கூறலாம். யாம் அதற்கு உடன்படோம். அந்நியன், பகைவன், நாட்டின் பிரதிநிதி எனக் காலத்திற்கொரு முகமூடியைப் பிறரன்றோ அவருக்கு மாட்டினர்?

உரிமை வேண்டுவோன் தன் நெஞ்சைத் திறந்து காட்டுவதில் தவறென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அச்சுவரொட்டிகளை எண்ணிப் பாருங்கள். போருக்கு முன்னரே ஜப்பானிய ஆதிக்கத்தை எதிர்த்தவர் அவர். ஆதலின் அவை மனமுவந்து வரைந்தவை என்றே நம்புகின்றோம். எனினும், ஐயத்தின் நிழலில் நிற்பவன் அன்பினாற் செய்வதையும் அச்சத்தினாற் செய்வதையும் பிரித்தறியும் தராசு எவரிடம் உண்டு? தலைமேற் கத்தியைத் தொங்கவிட்டு விசுவாசம் கேட்பவன், தனக்குக் கிடைப்பது விசுவாசந்தானா என்பதை ஒருநாளும் அறியமாட்டான். அவ்வறியாமைக்கும் அயலானையே குற்றஞ்சாட்டுகின்றான்.

அத்தடையை நீக்கிய சட்டம் 1952-இல் நிறைவேறியது. குனியோஷி 1953 மே மாதத்தில், குடியுரிமை பெறாமலே, காலமானார். கோமாளியின் கை இன்னும் முகமூடியை உயர்த்திக்கொண்டே இருக்கின்றது.