காமிராவின் முன் நின்ற சிறுமி

பிறருடைய துன்பத்தைப் படம் பிடித்துப் பரிசு பெறுவது அறமாகுமா? ஆவணப்படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இவ்வினாவும் என் உள்ளத்தே எழுகின்றது.

2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்' என்னும் குறும் ஆவணப்படம் ஆஸ்கார் விருது பெற்றது. இயக்கியவர் ரைக்கா ஜெஹ்தாப்சி என்னும் இளம்பெண். ஆயினும் இம்முயற்சிக்கு வித்திட்டோர், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர ஓக்வுட் பள்ளி மாணவியரும் அவர்தம் ஆங்கில ஆசிரியை மெலிசா பெர்ட்டனும் ஆவர். மாதவிலக்கின் பொருட்டு நம் நாட்டுச் சிறுமியர் பலர் படிப்பையே கைவிடுகின்றனர் என்று அறிந்த அம்மாணவியர், தின்பண்டம் விற்றும் நன்கொடை கேட்டும் பொருள் திரட்டினர். அப்பொருளால் உத்தரப்பிரதேசத்தின் ஹாப்பூர் மாவட்டத்துக் காத்திகேடா கிராமத்தில் நாப்கின் செய்யும் பொறி ஒன்று நிறுவப்பட்டது. அப்பொறியை உருவாக்கியவர் நம் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் என்பதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன்.

அப்படத்தில் ஒரு வகுப்பறைக் காட்சி. மாதவிலக்கு என்றால் என்ன என்று வினவப்பட்ட சிறுமி, எழுந்து நின்றும் வாய் திறக்க இயலாமல் நாணி நிற்கின்றாள். முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் நான், அம்மௌனத்தை நன்கறிவேன். (அறிவியல் புத்தகத்தின் அந்தப் பக்கங்களை மட்டும் 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று கடந்துவிடும் வழக்கம் நம் பள்ளிகளிலும் உண்டு.) அம்மௌனம் இன்றேல் அப்படமே இல்லை. ஆனால் உலகமெல்லாம் காண நாணி நின்றவள் அவள். விருது மேடை ஏறியவர் பிறர். பிறர் மனம் கூசச் செய்தலும் இம்சையின்பாற்படும் என்று கற்ற நமக்கு இது சிறு செய்தி அன்று. விளையும் நன்மை பெரிது, ஒருத்தியின் கூச்சம் சிறிது என்று கணக்கிட்டு ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை.

எனினும் அம்மாணவியரை நான் குறைகூறேன். காமிரா சென்ற ஊருக்குப் பொறியும் சென்றது. அக்கிராமத்துப் பெண்கள் 'ஃப்ளை' என்று பெயரிட்டு நாப்கின் செய்து விற்றுத் தம் கையால் வருவாய் ஈட்டினர். படம் எடுத்தவர், எடுக்கப்பட்டவர்க்குக் கடன்பட்டவர் என்னும் உணர்வு அங்கே இருந்தது.

நம் பகுதிக்கு வருவோம். திருவள்ளூர் வட்டாரத்துச் செங்கற்சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் உழைக்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் வடமாநில இளைஞர் பலர் பணிபுரிகின்றனர். நம் உயர்நிலைப் பள்ளி மாணவரும் இவர்களைக் கைப்பேசியில் படம் எடுத்துப் போட்டிக்கு அனுப்பக்கூடும். அனுப்ப வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் முடிந்த படத்தை நடுவருக்குக் காட்டுமுன் சூளைக்கு எடுத்துச் சென்று காட்டட்டும். 'இந்தக் காட்சி வேண்டாம்' என்று அங்கே ஒரு தாய் சொல்வாளாயின், பரிசே போனாலும் அதனை வெட்டிவிடும் துணிவு தமக்கு உண்டா என்பதை, படப்பிடிப்புத் தொடங்குமுன்பே மாணவரிடம் ஆசிரியர்கள் கேட்டுவிட வேண்டும்.