கூலியற்ற நடை

உடல் உழைப்பையே வாழ்வின் அளவுகோலாகக் கொண்டு அறுபது வயதுவரை வந்த ஒருவருக்கு, அந்த உழைப்பு விலக்கப்பட்ட பின், எந்த வேலையையும் முடிக்காத, எந்த இடத்துக்கும் கொண்டுசேர்க்காத வெறும் நடையில் என்ன பொருள் இருக்க முடியும் என்னும் கேள்வி, மருத்துவத்தின் கேள்வியாகத் தோன்றினும் அடிப்படையில் சமயத்தின் கேள்வியே ஆகும். இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியோரின் நடைத்திறனைப் பற்றிய ஆய்வுகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் பெருகியுள்ளன. எனினும், நடக்க வேண்டியவர் எதற்காக நடக்கிறார் என்பதை அவை அவருக்குச் சொல்வதில்லை. மயிலாப்பூரின் கடலோரத்தில், கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே அமைந்த நொச்சிக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகளில் இக்கேள்வி கூர்மையாக எழுகிறது.

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவதைக் குறிப்பதன்று. உடல் கேட்கும் அளவுக்குக் குருதியை இறைக்க இதயத்தால் இயலாமல் போவதும், அதன் விளைவாக நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்குவதுமாகிய நெடுநாள் நிலையே அது. நோயாளிகள் இதைப் ‘பம்பிங் குறைந்துவிட்டது’ என்று சொல்கிறார்கள். எக்கோ பரிசோதனை காட்டும் ஓர் எண்ணை, அதாவது இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள குருதியில் எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்பதை, அந்தச் சொல் சுட்டுகிறது. 40 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் பம்பிங் குறைந்த செயலிழப்பு எனப்படும். திருவனந்தபுரத்தில் 2013-ஆம் ஆண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 நோயாளிகளைப் பதிவுசெய்து தொடர்ந்த ஆய்வில் அவர்களின் சராசரி வயது 61; ஓராண்டுக்குள் இறந்தோர் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர். மேலை நாடுகளில் எழுபதைக் கடந்தோரை மிகுதியாகத் தாக்கும் நோய் இங்கே பத்தாண்டுகள் முன்னதாக, இன்னும் குடும்பத்துக்குச் சம்பாதித்துக்கொண்டிருப்பவரையே தாக்குகிறது என்பதால், ‘இனி என்ன செய்வது’ என்ற கேள்வியின் கனமும் இங்கே வேறாகிறது.

பழைய மருத்துவம் இதற்கு எளிய விடையொன்றை வைத்திருந்தது: படுத்திருங்கள். பழுதுபட்ட இதயத்துக்கு ஓய்வு தருவதே அறிவு என்று 1980-கள்வரை பரவலாகக் கருதப்பட்டது. அதை அசைத்தது எதிர்பாராத ஒரு கண்டுபிடிப்பாகும். ஓய்வாக இருக்கும்போது அளந்த பம்பிங் எண்ணுக்கும் அந்த மனிதர் உண்மையில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதற்கும் நெருங்கிய தொடர்பு இல்லை என்பது தெரிந்தது. பம்பிங் 25 உள்ளவர் மாடிப்படி ஏறுவதும் 40 உள்ளவர் வாசலிலேயே இளைத்து நிற்பதும் நடந்தன. காரணம், இளைப்பின் வேர் இதயத்தில் மட்டுமன்றிக் கால்தசைகளிலும் இருந்ததே. படுக்கையில் கிடந்து மெலிந்த தசை, வந்துசேரும் உயிர்வளியைப் பயன்படுத்தும் ஆற்றலை இழக்கிறது. அதைப் பயிற்சியால் பெருமளவு மீட்கலாம். இறைவன் குடியிருக்கும் கோயிலாக இதயத்தைக் கண்ட சைவ மரபில், திருநின்றவூரில் நெஞ்சுக்குள் கோயில் கட்டிய பூசலாரின் நினைவாக நிற்கும் இருதயாலீசுவரர் கோயிலுக்கு இதய நோயாளிகள் திரளாகச் செல்லும் இந்நாட்டில், அந்த நோய்க்கான விடையின் பாதி காலில் இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

ஆனால் கடலுக்குப் போனவரிடம் ‘நாள்தோறும் அரைமணி நேரம் நடங்கள்’ என்று சொல்வது அவ்வளவு எளிதன்று. ஃபைபர் படகைக் கரையேற்றுவதும், வலை இழுப்பதும், இன்ஜினைத் தோளில் சுமந்து மணலில் ஏறுவதும் தொழிலின் உறுப்புகள்; அவற்றின் முடிவில் மீனும் ஏலமும் பங்குத்தொகையும் இருந்தன. காலையில் கடற்கரைச் சாலையில் காலணி அணிந்து கைவீசி நடப்போரைக் குப்பம் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறது. அது உழைக்கத் தேவையில்லாதவர்களின் பழக்கம் என்ற எண்ணம் அங்கே இருந்தால் அதில் வியப்பில்லை. 2023 நவம்பரில் பெசன்ட் நகரில் அரசு தொடங்கிவைத்த எட்டுக் கிலோமீட்டர் நலநடைப் பாதையும் அந்த எண்ணத்தை மாற்றியிருக்கும் என்று நம்புவதற்கில்லை. உழைப்புக்குப் பயன் உண்டு, நடைக்கு என்ன பயன் என்று அவர் கேட்டால் மருத்துவர் நேர்மையாகச் சொல்லக்கூடிய விடையும் அடக்கமானதே. 2009-இல் வெளியான, 2,331 நோயாளிகளைக் கொண்ட ஹெச்எஃப்-ஆக்ஷன் என்னும் ஆய்வில் பயிற்சி தீங்கற்றது என்பது உறுதியாயிற்று, நடைத்திறனும் வாழ்க்கைத்தரமும் ஓரளவு உயர்ந்தன. ஆனால் இறப்பையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் அது தெளிவாகக் குறைத்ததாக முதன்மைக் கணக்கில் நிறுவ முடியவில்லை. மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் வெளியேறும் முதியோர் 349 பேரிடம் சமநிலை, வலிமை, நடமாட்டம், தாங்குதிறன் ஆகிய நான்கையும் பயிற்றிப் பார்த்து 2021-இல் வெளியான ரிஹாப்-ஹெச்எஃப் ஆய்விலும், எழுந்து நிற்கவும் நடக்கவும் உள்ள திறன் கணிசமாக மேம்பட்டது. மீண்டும் மருத்துவமனைக்குச் செல்வது குறையவில்லை. ஆயுளை உறுதிசெய்யாத, கூலியும் தராத ஒரு செயலை நாள்தோறும் செய் என்பதே இங்கு வைக்கப்படும் கோரிக்கை.

இத்தகைய செயல் குப்பத்துக்கு அயலானதா என்று கேட்டால், இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள கபாலீசுவரர் கோயிலின் பிரகாரம் வேறு விடை தருகிறது. வலம் வருதல் என்பது, நோக்கிப் பார்த்தால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் நடை. அதில் சுமை இல்லை, சரக்கு இல்லை, போய்ச்சேரும் ஊர் இல்லை. ஆறு நிமிட நடைச்சோதனை என்று மருத்துவர்கள் வழங்குவதும் ஏறத்தாழ அதுவே: முப்பது மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் நோயாளி தாமே வகுத்துக்கொள்ளும் வேகத்தில் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி இயன்ற அளவு நடக்க, ஆறு நிமிடத்தில் கடந்த தூரம் அளக்கப்படுகிறது; 300 மீட்டருக்குக் குறைந்தால் கவலைக்குரிய நிலை என்று கொள்வர். வலத்தில் விரைவுக்கு மதிப்பில்லை என்பதும் கருதத்தக்கது. ஒரு காலின் குதிகாலை மற்றதன் விரல்நுனியில் ஒட்டிவைத்து ஊர்ந்து செல்லும் அடிப்பிரதட்சிணம் ஓட்டமாக வலம் வருவதைவிட மேலானதாகவே போற்றப்படுகிறது. பயன் கருதாத வினை என்று கீதை வாதத்தால் நிறுவ முயல்வதைப் பிரகாரத்தில் நடப்பவர் வாதமின்றியே செய்துவருகிறார் எனலாம்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும்: பக்தி மரபு நிதான நடையை மட்டுமா போற்றியது, உடலை அழித்துக்கொண்டு செல்வதையும் போற்றவில்லையா? உண்மையே. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தில் முதுமை எய்திய திருநாவுக்கரசர் கயிலையைக் காண வடக்கே நடக்கிறார்; பாதம் தேய்ந்தபின் கைகளால் ஊர்ந்து, கைகளும் தேய்ந்தபின் மார்பால் நகர்ந்து, பின்னர் புரண்டு செல்கிறார். ஆனால் அக்கதை அவரைக் கயிலையில் கொண்டு சேர்ப்பதில்லை. முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிப் போகச் சொல்ல, அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழும் அவருக்குக் கயிலைக் காட்சி அங்கேயே, களிறும் பிடியும் கோழியும் பெடையுமாக இணைந்துவரும் எளிய உயிர்களினிடையே கிடைக்கிறது. உடல் தாங்காத தூரத்தை இறைவன் கேட்கவில்லை என்பதே கதை எடுத்த முடிவு. திருவண்ணாமலையின் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தையோ ஈரத்தரையில் உருளும் அங்கப்பிரதட்சிணத்தையோ மருத்துவமனையிலிருந்து வந்த மறுமாதமே மேற்கொள்ளத் துணிபவருக்கு மருத்துவர் காட்டக்கூடிய சான்று பெரியபுராணத்திலேயே இருக்கிறது.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் அதே நூலைத் துணைக்கு அழைக்கும். மயிலாப்பூரில் வாழ்ந்த வாயிலார் நாயனார் மனத்தையே கோயிலாக்கி, அறிவை விளக்காகவும் அன்பை அமுதாகவும் படைத்து அகத்திலேயே பூசித்தவர். ‘எழுந்து நடக்க முடியாது, மனத்தால் கும்பிட்டுக்கொள்கிறேன்’ என்று சாய்ந்துவிடுபவருக்கும், ‘அப்பா அசையக்கூடாது’ என்று தண்ணீர்க்குவளையைக்கூட எடுத்துத்தரும் அன்பான பிள்ளைகளுக்கும் இது வசதியான முன்மாதிரியாகலாம். ஆனால் வாயிலாரின் பூசை இயலாமையின் மாற்று ஏற்பாடாகச் சொல்லப்படவில்லை. அது இடையறாத முயற்சி, காலமெல்லாம் நீண்ட பயிற்சி. சோர்வுக்கு அவர் பெயரைச் சூட்டுவது பொருந்தாது.

நடைமுறையில் இந்த நடை மிகச் சிறியதாகவே தொடங்கும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது நின்று, கால் வீக்கம் வடிந்து, மருந்தளவு நிலைபெற்ற பின், மருத்துவரின் அனுமதியோடு ஐந்து நிமிடம். நடந்துகொண்டே பேச முடிகிற வேகம் சரியான வேகம். காய்ந்த மணலில் நடக்க இறுகிய தரையைப் போல இருமடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகும் என்பதால், படகைப் பார்க்கும் ஆசையில் மணலில் இறங்குவதைக் காட்டிலும் குப்பத்தை ஒட்டிய லூப் சாலையின் ஓரமே முதல் வாரங்களுக்கு ஏற்றது. இரண்டு மூன்று நாட்களில் எடை இரண்டு கிலோ ஏறினால் அது நீர் தேங்குவதன் அடையாளம். அன்று நடையை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வலத்துக்கும் இந்நடைக்கும் இடையிலான ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது என்பதையும் மறைக்கலாகாது. தந்தை நேர்ந்துகொண்ட வேண்டுதலை அவரால் இயலாதபோது மகன் செலுத்தலாம், மனைவி பால்குடம் எடுக்கலாம், மரபு அதை ஏற்கும். கால்தசையின் கணக்கில் அத்தகைய பதிலி இல்லை. வீட்டார் உடன் நடக்கலாம், அவருக்காக நடக்க முடியாது. தம் உழைப்பால் பிறரைத் தாங்கியே பழகியவருக்கு, பிறர் எவருக்கும் பயன்படாததும் பிறர் எவராலும் செய்ய இயலாததுமான ஒரு கடமை தமக்கென்று இருப்பதை ஏற்பதே நடையைக் காட்டிலும் கடினமாக இருக்கக்கூடும். அதற்குச் சமயம் எவ்வளவு தூரம் துணைவரும் என்பது ஒவ்வொருவரிடத்தும் வேறுபடும்.