கடைசி நாற்காலி

போக்கர் மேசையில் மோசமான சீட்டால் பணத்தைத் தொலைத்தவர்கள் குறைவு. ஏழும் இரண்டும் வந்தால் விவரமுள்ளவன் கவிழ்த்துவைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பான். ஆளைக் கவிழ்ப்பவை பார்வைக்கு லட்சணமானவை: ராஜாவும் ஜாக்கும், ராணியும் பத்தும், ஒரு ஏஸும் அதற்கு ஒட்டாத சின்னச் சீட்டும். வீசிவிட மனம் வராது. நம்பி ஆடவும் நியாயம் போதாது.

டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஆளுக்கு 2 சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக 5. கையில் வரக்கூடிய இரட்டைகள் 1,326. எந்தச் சின்னம் என்பதை ஒதுக்கி, இரண்டும் ஒரே சின்னமா இல்லையா என்று மட்டும் பார்த்தால் 169 வகை. அவற்றில் பெரிய ஜோடிகளை எங்கிருந்தும் ஆடலாம், பாதிக்கு மேற்பட்டவற்றை எங்கிருந்தும் வீசலாம். நடுவில் கிடக்கும் கூட்டம்தான் சிக்கல். அதற்கான விடை சீட்டில் இல்லை, உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

மேசையில் பட்டன் என்றொரு வில்லை ஆட்டத்துக்கு ஆட்டம் ஒவ்வோர் ஆளாக நகரும். அது யார் முன் நிற்கிறதோ அவர், பொதுச் சீட்டுகள் திறந்த பிறகு, ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாகப் பேசுவார். பஞ்சாயத்தில் எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு வாயைத் திறக்கும் பெரியவரின் ஞானத்தில் பாதி, கடைசியில் பேசுவதால் வந்தது. பட்டனும் அப்படித்தான்.

ஒன்பது பேர் ஆட்டத்தில் முதலில் பேசுகிறவர் கையில் ராஜாவும் ஜாக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பின்னால் எட்டுப் பேர். அதில் ஒருவரிடம் ஏஸும் ராஜாவும் இருந்தால் நம்மவர் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று. நடுவில் ராஜா வராமல் போனால் சேதம் சொற்பம், வந்தால்தான் ஆபத்து. தன் ராஜா திறந்த மகிழ்ச்சியில் பொதுச் சீட்டுகள் திறக்கும் ஃப்ளாப், டர்ன், ரிவர் என்ற கட்டங்களில் மூன்று தவணையாகப் பணத்தைக் கட்டிவிட்டு, கடைசியில் எதிராளியின் ஏஸைப் பார்ப்பார். துரதிர்ஷ்டம் ஒருவரை இவ்வளவு தூரம் நடத்திச் செல்வதில்லை. அரைகுறை அதிர்ஷ்டத்துக்குத்தான் அந்தத் திறமை உண்டு.

அதே இரண்டு சீட்டு பட்டனில் இருப்பவரிடம் வரட்டும். ஆறு பேர் ஒதுங்கிவிட்டார்கள். மீதி, பிளைண்ட் என்ற பெயரில் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் பணம் வைத்த இருவர் மட்டும். இப்போது ராஜாவும் ஜாக்கும் பெரிய சீட்டு. பல நேரம் அதைக் காட்டவேண்டிய அவசியமே வராது. தொகையை உயர்த்தினால் போதும், இருவரும் கவிழ்த்துவிடுவார்கள். இரண்டு நான்குகள் போன்ற சிறு ஜோடிக்கும் இதே கதை. ஃப்ளாப்பில் மூன்றாவது நான்கு விழுவது எட்டு அல்லது ஒன்பது தடவைக்கு ஒருமுறை. விலை மலிவாக இருந்தால் மட்டும் காத்திருக்கத் தகுந்த கணக்கு அது. விலை என்னவென்று ஓரளவு தெரிந்தபின் உள்ளே வருகிற வசதி கடைசி நாற்காலிக்கே உண்டு.

இப்படி வந்த பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? நாற்காலியின் பெயரில் எழுதியவரை நான் அதிகம் கண்டதில்லை. துணிச்சல், கணிப்பு, ராசி என்ற பெயர்களில்தான் பற்றுவரவு நடக்கிறது. பிறகு அதே துணிச்சலை முதல் நாற்காலியில் காட்டப் போகிறார்கள்.

சீட்டின் பெயரிலேயே ராசி எழுதிய கதையும் உண்டு. போக்கர் ஆட்டக்காரர் டாயில் பிரன்சன் 1976, 1977 இரண்டு ஆண்டுகளிலும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் பட்டத்தைப் பத்தும் இரண்டும் வைத்து வென்றார். இரண்டு முறையும் கடைசிச் சீட்டாகப் பத்து விழுந்தது. 1976இல் அது விழும்வரை அவர் பின்தங்கியே இருந்தார். இன்றும் பத்து–இரண்டுக்கு அவர் பெயர் நிலைத்திருக்கிறது. பக்தியோடு அதை ஆடித் தோற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஏஸ்–ராணி என்ற அழகான இரட்டையைத் தவிர்க்கப் பார்த்தவர் என்றும் அவருக்கொரு பெயர் உண்டு. அந்தப் பாதிக்குப் பக்தர்கள் சேரவில்லை.

எதிர்முனையில் ஒரு சாட்சி: நார்வேயைச் சேர்ந்த அனெட் ஓப்ரெஸ்டாட். 2007இல் 180 பேர் கொண்ட இணையப் போட்டி ஒன்றில் தன் சீட்டுகளை மறைத்துவைத்துக்கொண்டு, ஒரே ஒருமுறை மட்டும் எட்டிப் பார்த்து, முதலிடம் பெற்றார். இடத்தையும் எதிராளிகளின் தயக்கத்தையும் வைத்தே ஆடினார். போட்டியின் நுழைவுக் கட்டணம் 4 டாலர் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனில் 10 லட்சம் பவுண்டு பரிசை வென்றபோது அவர் சீட்டுகளைப் பார்த்துத்தான் ஆடினார்.

நம்மூரில் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வி சட்டத்தின் வடிவில் வந்தது. போக்கரும் ரம்மியும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று தமிழ்நாடு 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சேர்ப்பை ரத்து செய்தது. 2025இல் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டே கூடாது என்றது. இணைய ஆட்டத்தில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்திகள் இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இருக்கின்றன. அவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் நாற்காலி எது என்று தெரிந்திருக்கும்?

தெரிந்தாலும் நிம்மதி இல்லை என்பது இன்றைய நிலை. கடைசி இடத்திலிருந்து எதை வைத்தும் உயர்த்துவார்கள் என்று பிளைண்டில் இருப்பவருக்கும் இப்போது தெரியும். அவரும் எதையாவது வைத்துத் திருப்பி உயர்த்துகிறார். அவரிடம் ஏஸ் இருக்கலாம், வெறும் எரிச்சலாகவும் இருக்கலாம். அந்த நொடியில் பட்டனில் இருப்பவர் கையில் உள்ள ராஜாவும் ஜாக்கும் முதல் நாற்காலியில் இருந்ததைப் போலவே மறுபடியும் லட்சணமாகத் தெரிகின்றன.