கல் அறுத்தவன் பெயர்

நான்ஜிங் நகரத்தின் பழைய மதிலில் உள்ள செங்கற்களில் பெயர்கள் உண்டு. கல்லின் பக்கவாட்டில் சின்னச் சின்ன எழுத்துகளில் சில வரிகள். எந்த ஊர்க் கல், மேற்பார்த்த அதிகாரி யார், ஊர்ப் பொறுப்பாளர் யார், சூளை போட்டவர் யார், கடைசியாக, கல் அறுத்தவர் யார். மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஜு யுவான்ஜாங் 1366இல் தொடங்கிய வேலை இது. முடிய இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. யாங்சி ஆற்றையொட்டிய பகுதிகளிலிருந்து படகு படகாகக் கல் வந்து இறங்கியது. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மதிலில் 25 கிலோமீட்டர் இன்றும் நிற்கிறது.

நான்கு நாட்கள் அங்கே தனியாகச் சுற்றினேன். தனியாகப் போவதில் ஒரு பெரிய வசதி, ஒரு செங்கல்லின் முன்னால் அரை மணி நேரம் நின்றாலும் “போலாமா?” என்று கேட்க ஆள் கிடையாது. (வாத்து ரத்தமும் சேமியாவும் போட்ட அந்த ஊர் சூப்பை மூன்று வேளையும் குடித்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.) தெற்கே ஜோங்ஹுவா வாசல். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வாயில்கள், நடுவே மூன்று முற்றங்கள், மூவாயிரம் வீரர்கள் பதுங்கக்கூடிய 27 குகையறைகள். ஒன்றை உடைத்து உள்ளே வந்தவன் அடுத்ததில் மாட்டிக்கொள்வான். அங்கேதான் செல்போன் கேமராவைக் காட்டிக் காட்டி பெயர்களைப் படித்தேன். மொழிபெயர்ப்புச் செயலி பாதி உளறியது. ஆனாலும் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் பிடிபட்டன.

பக்கத்தில் நின்றவர்கள் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார்கள். எளிய தொழிலாளி ஒருவனின் பெயர் அறுநூறு வருடமாக வாழ்கிறது என்ற நெகிழ்ச்சி அது. எனக்கு அது வரவில்லை. அந்த மனிதன் பெருமையோடு கையெழுத்துப் போடவில்லை. கல் உடைந்தால், அளவு தப்பினால் யாரைப் பிடிப்பது என்பதற்காகப் பதிக்கப்பட்ட பெயர் அது. என் தொழிலில் இதை தினமும் பார்க்கிறேன் என்பதால் சட்டென்று அடையாளம் தெரிந்துவிட்டது.

மென்பொருளில் ‘கிட் ப்ளேம்’ என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயரையும் நாளையும் காட்டும். சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு நிறுவனத்தில் நள்ளிரவில் சர்வர் படுத்துக்கொண்டது. அழைப்பில் முப்பது பேர். “யாரு கமிட் பண்ணது?” என்று ஒரு குரல். பத்தே நொடியில் பெயர் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான பையன். மறுநாள் கேன்டீனில் சொன்னான்: “டெஸ்டிங்க பாதியா குறைக்கச் சொன்னாங்கண்ணா. மீட்டிங்ல வாயாலதான் சொன்னாங்க.” சொன்னவரின் பெயர் எந்த வரியிலும் இல்லை. ஏனென்றால் அவர் எந்த வரியும் எழுதவில்லை.

ஆனால் பேரரசரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஜு யுவான்ஜாங் ஏழைக் குடியானவன் வீட்டுப் பிள்ளை. பஞ்சத்தில் குடும்பத்தைப் பறிகொடுத்து, மடத்தில் சேர்ந்து, பிச்சையெடுத்துத் திரிந்தவர். கணக்கு எங்கே எப்படிக் கசியும் என்பது அவருக்குக் கீழிருந்தே தெரிந்திருக்கும். அதிகாரியின் பெயரும் கூலிக்காரனின் பெயரும் ஒரே கல்லில் இருப்பதில் ஒருவகைச் சமத்துவம்கூட உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், மதில் நிற்கிறது. தண்டித்தால் ஆட்கள் தவறை மறைப்பார்கள், அதனால் பிழை நடந்தால் ஆளைத் தேடாதே, அமைப்பைப் பார் என்பது எங்கள் துறையின் இன்றைய வேதம். நானும் அதை நம்புகிறேன். அந்த மதிலடியில் நிற்கும்போது அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடத்தான் செய்தது. பயம் நல்ல செங்கல்லை உண்டாக்கியிருக்கிறதே!

ஆனால் மதில் எதற்காகக் கட்டப்பட்டது? நகரத்தைக் காக்க. அதை அது செய்ததா?

1402இல் ஜு யுவான்ஜாங்கின் மகன் ஜு தி, அரியணையில் இருந்த தன் அண்ணன் மகனுக்கு எதிராகப் படையோடு வந்து நின்றார். மதிலில் ஒரு கல்லும் பெயரவில்லை. ஜின்சுவான் வாசல் உள்ளிருந்தே திறக்கப்பட்டது. திறந்துவிட்டவர்கள் தளபதி லி ஜிங்லோங்கும் இளவரசர் ஜு ஹுயும். ஜு ஹுய், மதிலைக் கட்டியவரின் இன்னொரு மகன்.

1937 டிசம்பரில் ஜப்பானியப் படை வந்தது. பீரங்கிக்கு முன்னால் எந்தச் செங்கல்லும் நிற்காது, அதற்குக் கல் அறுத்தவனைக் கேட்க முடியாது. நகரத்தோடு வாழ்வேன், நகரத்தோடு சாவேன் என்று அறிவித்திருந்த தளபதி தாங் ஷெங்ஜி, 12ஆம் தேதி பின்வாங்க உத்தரவிட்டுவிட்டு அன்றிரவே ஆற்றைக் கடந்து போனார். வீரர்கள் ஓடிவிடக் கூடாதென்று படகுகள் முன்பே அப்புறப்படுத்தப்பட்டிருந்தன. ஆற்றுப் பக்கம் இருந்த வாசலில் நெரிசலில் மிதிபட்டே பலர் செத்தார்கள். மறுநாள் நகரம் விழுந்தது. அடுத்த வாரங்களில் நடந்ததற்குத்தான் நான்ஜிங் படுகொலை என்று பெயர்.

மூன்றாம் நாள் அதன் நினைவகத்துக்குப் போனேன். வாசலிலிருந்தே 3,00,000 என்ற எண் கூடவே வருகிறது. டோக்கியோ தீர்ப்பாயம் சொன்னது இரண்டு லட்சத்துக்கு மேல். அங்கே ஒரு சுவரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். இரண்டு நாள் மதிலில் பெயர் படித்துவிட்டு வந்தவனுக்கு அந்தச் சுவரின் முன்னால் நிற்பது சிரமமாக இருந்தது. ஒரு சுவரில் பதில் சொல்ல வேண்டியவர்களின் பெயர்கள், இன்னொன்றில் யாரோ எடுத்த முடிவுக்கு உயிரைக் கொடுத்தவர்களின் பெயர்கள். முடிவெடுத்தவர்கள்? தளபதி மட்சுய் இவானே 1948இல் தூக்கிலிடப்பட்டார். நகரத்தைப் பிடித்த படைக்குத் தலைமை ஏற்றிருந்த இளவரசர் அசாகா, அரச குடும்பத்தவர் என்பதால் விசாரிக்கப்படவே இல்லை. 1981 வரை வாழ்ந்தார். அங்கேயும் பெயர்ப் பட்டியல் மேலே ஏறிக்கொண்டே போய், ஒரு படிக்கு முன்னால் நின்றுவிடுகிறது.

இதற்காகச் செங்கல்லிலிருந்து கூலிக்காரனின் பெயரை அழித்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. செய்த வேலைக்குப் பதில் சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது. நான் எழுதிய நிரலில் என் பெயர் இருக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு. கீழே இருப்பவனின் வேலைக்குக் கல், வரி, கையொப்பம் என்று ஒரு உருவம் இருக்கிறது. மேலே இருப்பவரின் வேலை பெரும்பாலும் ஒரு சொல், ஒரு தேதி, சில சமயம் வெறும் மௌனம். அதில் எங்கே போய் முத்திரை குத்துவது? எத்தனை நாளில் எத்தனை கல் வேண்டும் என்று கெடு வைத்தது யார் என்பதை நான் படித்த எந்தக் கல்லும் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, இப்போது வேலை பார்க்கும் இடத்தில் பிழை அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னேன்: ‘கெடுத்தேதியை முடிவு செய்தவர்’. ஆச்சரியமாக, ஒருவரும் மறுக்கவில்லை. இதுவரை வந்த அறிக்கைகளில் அந்தக் கட்டம் காலியாக இருந்ததே இல்லை. எல்லாவற்றிலும் ஒரே பதில்தான்: ‘குழு முடிவு’.