கடன் வெளிச்சம்

வால்நட்சத்திரத்துத் தூசிக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. தூசி வால் என்று நாம் கண்ணால் பார்ப்பது, அது திருப்பியனுப்புகிற சூரிய ஒளிதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு தூசி எதனால் ஆனது என்று சொல்வது கடினம்.

ஆனால் எல்லா ஒளியையும் அது திருப்பியனுப்பிவிடுவதில்லை. பெரும்பங்கை விழுங்கிச் சூடேறி, அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளிவிடுகிறது. 1970இல் பென்னட் வால்நட்சத்திரத்தை அப்படி அளந்த மாஸ், நே, உல்ஃப் மூவரும் 10 மைக்ரான் அலைநீளத்தையொட்டி ஒரு மேட்டைக் கண்டார்கள். சிலிகேட்டின் அடையாளம் அது. நம் காலடிக் கல்லும் மணலும் அந்த இனம்தான். வாங்கியது சூரியனிடம், கொடுத்ததில் இருந்தது கல்லின் முத்திரை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பர் தம் கவிதைகளைக் காட்டினார். ‘இதில் உங்களுடையது எது?’ என்று கேட்டேன். வங்கியில் கடன் கணக்கு எழுதுகிறவனுக்கு இந்தக் கேள்வி சுலபமாக வந்துவிடுகிறது. எந்த வரி யாரிடம் வாங்கியது என்று பென்சிலால் குறித்தும் கொடுத்தேன். குறித்ததில் பிழை இல்லை. அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை.

பிழை கேள்வியில் இருந்தது. கடன் வாங்காத மனம் ஒன்று எங்கோ இருப்பதாக அது பாவித்துக்கொள்கிறது. வாங்கிய வெளிச்சம் அவருக்குள் போய்ச் சூடாயிற்றா, மேலே பட்டுத் தெறித்ததா என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கு வேறு கருவி வேண்டும். என்னிடம் இருந்தது கண் மட்டும்.

இன்னொன்றும் உண்டு. 1973 முடிவில் கொஹூடெக் வந்தது. நூற்றாண்டின் வால்நட்சத்திரம் என்று பத்திரிகைகள் எழுதின. வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்து ஏமாற்றியது. ஏமாறாதவர் நே. அதன் தலையிலும் வாலிலும் அந்த மேடு இருந்தது. சூரியனை நோக்கி நீண்டதாகத் தெரிந்த எதிர்வாலில் இல்லை. அங்குள்ள துகள்கள் பெரியவை என்பது அவர் முடிவு. சிறு துகளில் வெளிப்படுகிற அடையாளம், பருத்ததில் அமுங்கிவிடுகிறது.

ஆக, அடையாளம் தெரியவில்லை என்பதற்காகக் கல் இல்லை என்றாகாது.

நண்பரிடம் இப்போது போய் இதைச் சொன்னால் சமாதானம் மாதிரி இருக்கும். சூரியனை விட்டு விலகினால் தூசி ஆறிவிடும். அது அருகில் இருந்தபோது நான் லெட்ஜர் பார்த்துக்கொண்டிருந்தேன்.