தீபாவளிக் கால வேலையும் நம் கொல்லாமையும்

ஐப்பசி அமாவாசை வைகறை, பகவான் மகாவீரர் பாவாபுரியில் நிர்வாணம் எய்திய வேளை. அந்நாளில் விளக்கேற்றும் வழக்கத்தைக் கி.பி. 783இல் ஜினசேன ஆசாரியர் நிறைவு செய்த ஹரிவம்ச புராணமே குறிப்பிடுகின்றது. வெடியைப் பற்றி அதில் பேச்சில்லை. இருக்கவும் வழியில்லை, வெடிமருந்து இந்நாட்டில் பரவியது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தேயாகும். ஆகவே, தீபாவளியன்று வெடி கொளுத்தாதிருப்பது நமக்குப் புதிய சீர்திருத்தம் அன்று. பழைய நிலைக்குத் திரும்புவதே ஆகும். மழைக்காலத்தில் விளக்கை நாடி வரும் சிற்றுயிர்கள், கூட்டில் உறங்கும் பறவைகள், தெருவோரத்து நாய்கள், இவற்றுக்கும் அப்பால் தீயையும் காற்றையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் ஆகிய எல்லாவற்றையும் எண்ணியே நம் இல்லங்கள் பலவற்றில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. சிறுவர் சிறுமியர் ஜினாலயத்தில் நின்று உறுதி கூறுவதும் பல ஊர்களில் நடைபெறுகின்றது. இவை யாவும் நன்றே. ஆயினும், இந்நன்மையின் மறுபுறத்தில் ஒரு வினா நின்றுகொண்டிருக்கிறது. அதை நாம் இதுவரை நேர்நின்று நோக்கினோமா என்பது ஐயமே.

அவ்வினா எழுவது கரிசல் நிலத்திலிருந்து. கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே பசுவந்தனை என்றோர் ஊர் உண்டு. கைலாசநாதர் கோயிலால் பெயர் பெற்ற சைவத்தலம் அது. சுற்றிலும் வானம் பார்த்த கருமண். ஆற்றுப்பாசனம் இல்லை. புரட்டாசியில் மழையை எதிர்நோக்கி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் விதைப்பார்கள். விளைச்சல் வீடு வந்து சேரத் தை, மாசி ஆகிவிடும். எனவே தீபாவளி வரும் வேளை, அந்நிலத்து உழவர்க்குக் கையிலிருந்த பணமெல்லாம் விதையாகவும் உரமாகவும் உழவுக்கூலியாகவும் மண்ணுக்குள் போய்விட்ட வேளை. துணி எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பலகாரம் வேண்டும். கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். வரவோ இல்லை. படித்து முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் மகனோ மகளோ அந்த ஒரு மாதத்திற்கு வேலை தேடிப் புறப்படுவது இதனால்தான்.

எங்கே செல்வர்? கோவில்பட்டி, திருநெல்வேலி, மதுரை நகரங்களின் ஜவுளிக் கடைகள் தற்காலிக ஆட்களை எடுக்கும் காலம் அது. வடக்கே சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் பட்டாசுத் தொழிற்சாலைகளும், ஊர்தோறும் தற்காலிக உரிமம் பெற்ற வெடிக்கடைகளும் உண்டு. நாட்டில் செய்யப்படும் பட்டாசில் மிகப்பெரும் பங்கு சிவகாசியைச் சுற்றியே செய்யப்படுகிறது என்பது யாவரும் அறிந்ததே.

கழுகுமலைச் சமணச் சிற்பங்களைத் தரிசிக்க நம்மவர் செல்லும்போது கோவில்பட்டியில் இறங்குவது வழக்கம். அவ்வாறு சென்றிருந்த ஓராண்டில், வெடி கொளுத்தலாகாது என்று அச்சிட்ட துண்டுத்தாள்களை எங்கள் குழுவினர் பேருந்து நிலையத்தில் வழங்கினர். பசுவந்தனைப் பேருந்துக்குக் காத்திருந்த மூதாட்டி ஒருவர் அதைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பின்பு எங்களிடம், "எம் பேரன் சாத்தூருல வெடிக்கடையில ஒரு மாசம் நிக்கான் ஐயா. விதைக்கு வாங்குன கடன அதுலதான் கட்டணும். எல்லாரும் வெடி வேண்டாம்னுட்டா அவன் எங்க போவான்?" என்றார். சினத்துடன் கேட்கவில்லை, விடை இருக்கும் என்று நம்பியே கேட்டார். எங்களிடம் விடை இல்லை. துண்டுத்தாளிலும் இல்லை.

இவ்வினாவுக்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழங்குகின்றன. அவரவர் வினை அவரவர்க்கு என்பது ஒன்று. இது கேட்பதற்குச் சமண சித்தாந்தம் போலத் தோன்றும். உண்மையில் அதற்கு முரணானது. வினைக் கோட்பாடு நம் செயலை நாமே ஆராய்வதற்காக அருளப்பட்டது. பிறர் துயரைக் கண்டு முகந்திருப்பிக் கொள்வதற்கு அன்று. பிறருடைய இன்னலை அவருடைய ஊழின் மேல் ஏற்றிவிட்டு அமைதி கொள்பவனுக்கு, அந்த அமைதியே புதிய வினைக்கு ஊற்றாகிவிடும். எல்லா உயிரிடத்தும் நட்பு, துன்புறுவோரிடத்துக் கருணை என்னும் பாவனைகளை நாள்தோறும் சொல்லிக்கொள்ளும் நமக்கு இவ்விடை பொருந்தாது.

மற்றொரு விடை, அவர்கள் பிழைக்க வேண்டுமாதலால் கொஞ்சம் வாங்கிக் கொளுத்தினால் என்ன என்பது. இரக்கத்தின் வேடம் பூண்டு வருவதால் இதை மறுப்பது சற்றுக் கடினம். ஆனால், நம் நூல்கள் செய்தலோடு செய்வித்தலையும் உடன்படுதலையும் சேர்த்தே எண்ணுகின்றன. நாம் காசு கொடுத்து வாங்கும் பட்டாசு, தொழிலாளியின் கூலியை மட்டும் தருவதில்லை. அவரை வெடிமருந்தின் அருகே அமர்த்தவும் செய்கிறது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சிதறியதில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவ்வாண்டுத் தீபாவளி நவம்பர் 13இல் வந்தது. பண்டிகைக்காக உற்பத்தி மும்முரமாக நடைபெறும் பருவம் அது. இத்தகைய வேலை நிலைக்கட்டும் என்று வாங்குவதைக் கருணை என்று எவ்வாறு அழைப்பது?

எண்ணிக்கையைப் பார்த்தாலும் இவ்விடை நகைப்புக்குரியதே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் சமணர் ஏறத்தாழ 44.5 லட்சம் பேர். நூற்றுக்கு அரை விழுக்காடுகூட இல்லை. தமிழ்நாட்டில், வடபுலத்திலிருந்து வந்து குடியேறியோரையும் சேர்த்து, 89 ஆயிரத்துச் சொச்சம். நாம் வாங்காததால் சிவகாசி சாய்ந்துவிடாது. அத்தொழிலைப் பெரிதும் அசைத்தது 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் அது தடை விதித்தது. வெடிக்கும் நேரத்தை இரண்டு மணியாகச் சுருக்கியது. அதனையடுத்துப் பல மாதங்கள் ஆலைகள் மூடிக் கிடந்தன. ஆனால், நம் தொகை சிறிது என்பதால் நம் கடமையும் சிறிதாகிவிடுமா? அணுவிரதம் என்ற பெயரே சிறியதன் பெருமையைச் சொல்லுவதன்றோ!

இனி, வேலைக்குச் செல்லும் இளைஞரைப் பற்றி ஒரு சொல். சங்கற்பம், ஆரம்பம், உத்தியமம், விரோதம் என இம்சை நால்வகைப்படும். இவற்றுள் உயிரைக் கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வதாகிய சங்கற்ப இம்சையை இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டும். தொழிலில் நேர்வதை இயன்ற அளவு குறைக்க வேண்டும். பசித்த குடும்பத்துக்காகக் கடையில் நிற்கும் பசுவந்தனை இளைஞர், களிப்புக்காகக் கொளுத்துபவரைப் போன்ற வினையைக் கட்டிக்கொள்வார் என்று நான் கருதவில்லை. கவனமின்மையும் வேட்கையும் கலந்த உள்ளத்தால் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் வரையறை. அவ்வகையில் பெரும்பங்கு வாங்குவோனுடையது.

நம் பிள்ளை ஒருவன், வந்தவாசியிலோ திண்டிவனத்திலோ, அத்தகைய வேலைக்குப் போகலாமா என்று கேட்டால் என் விடை வேறு. இரத்தினகரண்டகமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும், பயனின்றிச் செய்யும் பாவங்களாகிய அனர்த்த தண்டங்களைக் கூறுகின்றன. கொலைக்கருவியைப் பிறர் கையில் கொடுப்பது அவற்றுள் ஒன்று. இரத்தினகரண்டகம் அக்கருவிகளின் வரிசையில் நெருப்பையும் வைத்திருக்கிறது. வெடி விற்பது அதற்கு மிக அணுக்கமானது. ஆகவே போகலாகாது என்பேன். ஆனால், போகாதே என்று சொல்லும் பெரியவர், வேறு எங்கே போவது என்றும் சொல்லியாக வேண்டும். தடுப்பதோடு தம் பணி முடிந்தது என்று எண்ணும் தந்தையர் நம்மில் மிகுதி.

வேறு வேலை எது? பெரும்பாலும் துணிக்கடை, மளிகைக்கடை, பாத்திரக்கடை, இனிப்புக்கடை. இவற்றில் வெடிமருந்து இல்லை. ஆனால் இம்சை இல்லை என்று கூறிவிட முடியாது. கொல்லாமை விரதத்திற்கு ஐந்து மீறல்களை நூல்கள் எண்ணுகின்றன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். உரையாசிரியர்கள் இவற்றைப் பெரும்பாலும் மாட்டுக்கும் வண்டிக்கும் பொருத்தியே விளக்குவர். இன்று நம்மில் மாடு கட்டி ஓட்டுவோர் சிலரே. கடை வைத்திருப்போர் பலர். தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாளில் காலை ஒன்பது மணிக்கு வந்து இரவு பதினொரு மணிவரை நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டும் பெண்ணின் கால்களில் ஏறுவது எந்தப் பாரம்? கூட்டம் குறையட்டும் என்று நான்கு மணிவரை அவள் சோற்றுப் பொட்டலத்தைத் திறக்கவிடாமல் வைப்பது ஐந்தாவது மீறல் அன்றி வேறென்ன? கடைப்பணியாளர்க்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. உட்கார விடுவதற்கு ஒரு சட்டம்!

இதில் நம்மவர் உள்ளத்தை உறுத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஐப்பசியில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். இரவுணவு கொள்ளாத முதலாளி ஐந்து மணிக்கு எழுந்து வீடு சென்று உண்டு திரும்புகிறார். விரதம் காத்தாயிற்று. அவர் எழுந்துபோன அந்த நேரத்தில்தான் வாடிக்கையாளர் திரளத் தொடங்குவர். வேலையாள் இரவு கடையடைத்த பிறகே உண்பார். அவர் சமண இளைஞராகவே இருந்தாலும் அதே நிலைதான். தம் விரதத்திற்கு நேரம் உண்டு, தம்மிடம் வேலை செய்பவன் விரதத்திற்கு நேரம் இல்லை என்றால், அங்கே காக்கப்படுவது விரதமா, வழக்கமா?

கூலியிலும் இப்படியே. தீபாவளி என்றால் போனஸ் என்பது மக்கள் வழக்கு. ஆனால் ஓராண்டில் 30 நாளேனும் வேலை செய்தவர்க்கே போனஸ் என்பது 1965ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வரையறை. இன்றைய ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. பண்டிகைக்காக 25 நாள் மட்டும் எடுக்கப்பட்டவர்க்குச் சட்டப்படி எதுவும் இல்லை. கடையிலேயே அதிகம் ஓடியவர் அவர். வெறுங்கையோடு பேருந்து ஏறுபவரும் அவர். சட்டம் கேட்காததை அறம் கேட்கும். 25 நாள் உழைத்தவருக்கு அதற்கேற்ற பங்கு தருவதால் எந்தக் கடையும் நொடித்துப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மீண்டும் அம்மூதாட்டியின் வினாவுக்கு வருவோம். வெடி வாங்கமாட்டோம், அதில் மாற்றமில்லை. ஆனால், நாம் செலவழிக்காது மிச்சம் பிடித்த அந்தப் பணம் எங்கே போயிற்று என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நிர்வாண நாளின் வைகறையில் நாம் ஏற்றும் விளக்குக்குத் தீக்குச்சி பெரும்பாலும் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்திலிருந்தே வருகிறது. அந்நிலத்தாரின் உழைப்பு ஏற்கெனவே நம் பூசையறையில் இருக்கிறது. அவர்கள் விளைவிக்கும் உளுந்தும் பாசிப்பயறும் நம் சமையலறைக்கு வேண்டியவை. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய், வெடிமருந்து தொடாத கைகள் செய்வது. தீபாவளிக்கு முன் அதைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிள்ளைகளுக்கு வழங்கினால், வெடி கேட்டு அழும் பிள்ளையும் அடங்கும். இவை சிறு வழிகள். ஓர் ஆலைக்கு ஈடாகா. ஆயினும், எங்க போவான் என்ற கேள்விக்கு வாய்மூடி நிற்பதைவிட மேல்.

ஜினாலயங்களில் பிள்ளைகள் படிக்கும் உறுதிமொழித் தாளில் இப்போது ஒரே ஒரு வரிதான் உள்ளது: வெடி கொளுத்தமாட்டேன் என்பது. பெரியவர்களுக்கென இரண்டாவது வரி ஒன்றை அதில் சேர்க்கலாம். என்னிடம் பண்டிகைக் காலத்துக்கு வேலைக்கு வருபவரை மாலை ஐந்து மணிக்கு உண்ண அனுப்புவேன், உட்கார இருக்கை தருவேன், போகும் நாளில் நாள் கணக்குப்படி பங்கு கொடுத்தனுப்புவேன் என்பது அவ்வரி. ஆவணி முடிவதற்குள் இதைச் சங்கத்தார் கூடிப் பேசினால் நன்று. புரட்டாசி பிறந்துவிட்டால் கடைகளில் ஆள் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.